தட்டில் நின்ற சோயா, குப்பியில் தொடர்ந்த சோயா: காவிரிப் படுகையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து, ஹார்மோன் தடுப்பு மாத்திரையில் இருந்த 54 வயதுப் பெண் ஒருவர், ஏழு மாதங்களில் 52 கிலோவிலிருந்து 46 கிலோவாக எடை குறைந்த நிலையில் உணவு ஆலோசனைக்கு அனுப்பப்பட்டார். நோய் திரும்பியிருக்குமோ என்ற ஐயத்தில் எடுக்கப்பட்ட பரிசோதனைகளில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. எடைக் குறைவுக்கான காரணம், அவர் சாப்பிடாமல் விட்டவற்றில் இருந்தது. கவலைக்குரிய இன்னொரு செய்தி, உணவென்று அவரே கருதாத ஒரு குப்பிக்குள் இருந்தது. அடையாளம் வெளிப்படாதிருக்க, ஒத்த நிலையில் வந்த சிலரின் விவரங்கள் இங்கே ஒரே நோயாளியின் வரலாறாகச் சேர்த்து எழுதப்பட்டுள்ளன.

நோய் வரலாறு

நோயாளி திருவிடைமருதூருக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். ஆறு மா நிலத்தில் குறுவையும் சம்பாவும், அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் போடும் குடும்பம். வீட்டில் சைவ உணவு மட்டுமே, முட்டையும் இல்லை. மாதவிடாய் 50 வயதில் நின்றது. இரண்டு குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்திருக்கிறார். நெருங்கிய உறவில் யாருக்கும் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்ததாகத் தெரியவில்லை.

வலது மார்பில் கட்டி இருப்பதைக் குளிக்கும்போது அவரே கண்டறிந்தார். அப்போது சம்பா நடவு முடிந்த சமயம். அறுவடை முடியட்டும் என்று நான்கு மாதங்கள் தள்ளிப்போட்ட பிறகே மருத்துவமனைக்கு வந்தார். கட்டியின் அளவு 2.8 சென்டிமீட்டர், அக்குளில் இரண்டு நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தது. திசுப் பரிசோதனையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியும் நேர்மறை, ஹெர்-2 என்ற புரதம் எதிர்மறை. அதாவது, உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளரக்கூடிய வகைப் புற்று. மாதவிடாய் நின்றவர் என்பதால், அறுவைக்கும் பிற சிகிச்சைகளுக்கும் பிறகு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் லெட்ரோசோல் தொடங்கப்பட்டது. சினைப்பை ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசு முதலிய இடங்களில் ஈஸ்ட்ரோஜன் உருவாகிக்கொண்டே இருக்கும். அதை உருவாக்கும் அரோமட்டேஸ் என்ற நொதியை இந்த மாத்திரை தடுக்கிறது. உடலில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைந்துபோவதால் உடம்பில் திடீர்ச் சூடு, மூட்டு வலி, எலும்பு அடர்த்திக் குறைவு ஆகியவை வரலாம். இவருக்கு மூன்றும் இருந்தன.

உணவு வரலாறு

நோய் உறுதியான வாரத்திலேயே வீட்டில் மீல் மேக்கர் நின்றுவிட்டது. அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் என்று இருந்ததைப் படித்த உறவுக்கார இளைஞர் ஒருவர், சோயாவில் பெண்களின் ஹார்மோன் இருப்பதாகக் கைப்பேசியில் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நோயே சோயாவால்தான் வந்தது என்ற முடிவுக்குக் குடும்பம் வந்துவிட்டது. அங்கேயே நின்றிருந்தால் இந்த ஆய்வுக்குத் தேவை இருந்திருக்காது. சைவ வீட்டில் ஒரு பண்டம் குறைந்தால் இன்னொன்றால் ஈடுசெய்யலாம். ஆனால் தடை நீண்டுகொண்டே போயிற்று. கடையில் வாங்கிய சத்துமாவில் சோயா கலந்திருக்கும் என்று அது போயிற்று. அடுத்து உளுந்து. கூட வந்திருந்த நாத்தனார் அதற்குச் சொன்ன காரணத்தை அப்படியே பதிவு செய்கிறேன்: “ஏம்மா, வயசுக்கு வந்த புள்ளைக்கு உளுந்தங்களி எதுக்குக் கிண்டிக் கொடுக்கறோம்? பொம்பளை உடம்புக்குப் பலம் ஏறணும்னுதானே? அப்ப அதுலயும் அந்தச் சுரப்பு இருக்கத்தானே செய்யும்?”

இந்தத் தர்க்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி கொடுப்பது இப்பகுதியில் இன்றும் உள்ள வழக்கம். பெண்ணுடலின் வளர்ச்சியோடு சேர்த்தே பேசப்படும் ஒரு தானியத்தைப் பெண் ஹார்மோனோடு இணைத்துப் பார்ப்பது, கிடைத்த தகவலுக்குள் நியாயமான சிந்தனைதான். ஆயினும் உண்மை வேறு. சோயா மொச்சையில், ஈஸ்ட்ரோஜனை ஓரளவு ஒத்த தாவரச் சேர்மங்களான ஐசோஃப்ளேவோன்கள் 100 கிராமுக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டும் அளவில் உள்ளன. உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை போன்றவற்றில் அவை கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவே இருக்கின்றன. உளுந்தங்களியின் பயன் அதன் புரதத்திலும் அதில் சேரும் எண்ணெயின் ஆற்றலிலும் இருக்கிறது.

உளுந்து நின்றதும் இட்லியும் தோசையும் நின்றன. சொந்த வயலில் விளைந்த உளுந்து மூட்டையில் இருக்க, காலையில் ரவை உப்புமா. மதியம் சோறும் ரசமும் ஒரு காயும். துவரையும் பாசிப்பயறும் தனியாக யாராலும் தடை செய்யப்படவில்லை. ‘பருப்பு வகை எதற்கு வம்பு’ என்று தாமாகவே குறைந்துவிட்டன. இரவில் கொஞ்சம் தயிர்ச்சோறு. நாள் முழுக்க 200 மில்லி பால், பெரும்பாலும் காபியில். முந்தைய மூன்று நாட்களின் உணவைக் கேட்டுக் கணக்கிட்டபோது புரதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 கிராம் வந்தது. அதில் பெரும்பங்கு அரிசியிலிருந்தும் ரவையிலிருந்தும் வந்தது. பருப்பு இல்லாதபோது அவற்றின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் ஒன்றரை கிராம் வரை புரதம் தேவை. இவருக்கு 55 கிராமை இலக்காக வைத்தோம். ஹீமோகுளோபின் 9.6 ஆக இருந்தது.

நோய்க்கு முன் அவர் உண்மையில் எவ்வளவு சோயா சாப்பிட்டார் என்பதையும் கணக்கிட்டோம். வாரம் இருமுறை குருமாவிலோ பிரியாணியிலோ மீல் மேக்கர். நால்வர் கொண்ட வீட்டுக்கு ஒருமுறை 100 கிராம். அவர் பங்கு 25 கிராம். எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்திப் பொரியவைத்துச் செய்யப்படும் இந்த உருண்டைகளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 150 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தயாரிப்புக்கேற்ப இது மாறும். வாரத்துக்கு 75 மில்லிகிராம் என்றால் நாளுக்குச் சுமார் 11. வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து நீரைக் கொட்டும்போது அதிலும் ஒரு பகுதி போய்விடும். ஜப்பானிலும் சீனத்தின் சில பகுதிகளிலும் வழக்கமாக உண்ணப்படும் அளவு நாளொன்றுக்கு 25 முதல் 50 மில்லிகிராம். அந்த அளவில் பாதியைக்கூட இவர் எட்டியதில்லை.

குப்பி

வீட்டில் எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் அடுத்த முறை பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னோம். லெட்ரோசோல், கால்சியம், இரும்புச்சத்து ஆகியவற்றோடு நான்காவதாக ஒரு குப்பியும் வந்தது. உடம்பில் சூடு பரவி இரவில் தூக்கம் வராமல் அவர் தவித்ததைக் கேட்டு, சிங்கப்பூரில் இருக்கும் அக்காள் மகள் வாங்கி அனுப்பியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான இயற்கை மூலிகை என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்த ஆங்கில விவரம்: ஒவ்வொரு கேப்சூலிலும் சோயா ஐசோஃப்ளேவோன் 50 மில்லிகிராம். காலையும் இரவும் ஒன்றாக ஐந்து மாதங்களாக விழுங்கிவந்திருந்தார். நாளுக்கு 100 மில்லிகிராம். எந்தச் சேர்மத்துக்கு அஞ்சி குருமாவையும் இட்லியையும் விட்டாரோ, அதையே, முன்பு சாப்பிட்டதைப் போல ஒன்பது மடங்கு, உணவின் துணையில்லாமல் செறிவாக எடுத்துக்கொண்டிருந்தார்.

புற்றுநோய் மருத்துவருக்கு அன்றே தெரிவிக்கப்பட்டது, கேப்சூல் நிறுத்தப்பட்டது. அது அவருக்குத் தீங்கு செய்தது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. நிறுத்தியதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, சோயாவின் மீதான ஐயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஐயத்தின் வரலாறு

1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் கிளோவர் தீவனத்தை மேய்ந்த செம்மறியாடுகள் கூட்டங்கூட்டமாகச் சினைப்பிடிக்காமல் போயின. அந்தத் தாவரத்திலிருந்த ஃபார்மோனோனெட்டின் என்ற ஐசோஃப்ளேவோன், ஆட்டின் வயிற்றில் ஈக்குவால் என்ற பொருளாக மாறி ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்தது பின்னர் தெளிவாயிற்று. சோயாவிலுள்ள ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. டெய்ட்சீனை ஈக்குவாலாக மாற்றும் குடல் பாக்டீரியாக்கள் மனிதர் எல்லோரிடமும் இல்லை, சிலரிடமே உண்டு. ஆகவே அச்சம் கைப்பேசியில் முளைத்த வதந்தி மட்டுமன்று. அதற்குப் பின்னே உண்மையான உயிர்வேதியியல் இருக்கிறது.

அந்த உயிர்வேதியியல் பிற்பாடு சற்றுச் சிக்கலாயிற்று. ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரே ஏற்பிதான் என்று நீண்ட காலம் கருதப்பட்டிருக்க, 1996இல் ஸ்வீடனில் இரண்டாவது ஏற்பி கண்டறியப்பட்டது. முதலாவதை ஆல்ஃபா என்றும் இரண்டாவதை பீட்டா என்றும் அழைக்கிறார்கள். மார்பகத்தில் செல்பெருக்கத்தைத் தூண்டுவதில் ஆல்ஃபாவுக்கு முதன்மைப் பங்கு உண்டு; பீட்டா பெரும்பாலும் அதற்குக் கடிவாளமிடுகிறது. ஜெனிஸ்டீன் ஆல்ஃபாவைவிட பீட்டாவோடு பன்மடங்கு வலுவாகப் பிணைகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் தூண்டவும் இன்னோரிடத்தில் தணிக்கவும் கூடும் என்பதற்கு இது ஒரு விளக்கம்.

புற்றுநோயாளிகளுக்குச் சோயா கூடாது என்ற அறிவுரை பரவக் காரணமானவை, 1990களின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த சுண்டெலி ஆய்வுகள். சினைப்பை நீக்கப்பட்ட, நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளில் எம்சிஎஃப்-7 என்ற மனித மார்பகப் புற்றுச் செல்களைப் பதித்து, தீவனத்தில் ஜெனிஸ்டீன் கலந்து கொடுத்தபோது கட்டிகள் வளர்ந்தன. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் டமாக்சிஃபென் மருந்தின் பயனை ஜெனிஸ்டீன் குறைத்ததாக 2002இலும், லெட்ரோசோலின் பயனையும் குறைத்ததாக 2008இலும் அதே குழு வெளியிட்டது. நம் நோயாளியின் மருந்து லெட்ரோசோல் என்பதால் இதைப் புறக்கணிக்க இயலாது.

ஆனால் அதே ஆய்வகம் 2004இல் வெளியிட்ட இன்னொரு முடிவு அதிகம் பேசப்படுவதில்லை. தூய்மைப்படுத்திய ஐசோஃப்ளேவோன்களைத் தின்ற எலிகளில் கட்டி வளர்ந்தது. அதே அளவு ஜெனிஸ்டீன் முழுச் சோயா மாவின் வழியாகச் சென்றபோது கட்டி வளரவில்லை. பிரித்தெடுத்த சேர்மமும் அது இயல்பாக அடங்கியிருக்கும் உணவும் ஒன்றாக நடந்துகொள்ளவில்லை. எலிக்கும் மனிதருக்கும் இடையிலும் ஒரு வேறுபாடு உண்டு: மனித இரத்தத்தில் ஐசோஃப்ளேவோன் பெரும்பாலும் வேறு மூலக்கூறுகளோடு இணைந்து வீரியம் குறைந்த வடிவில் ஓடுகிறது, எலிகளில் தனித்த, வீரியமுள்ள வடிவின் பங்கு மிக அதிகம்.

மனிதரிடம் கிடைத்தவை

ஷாங்காயில் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2009 டிசம்பரில் வெளிவந்தது. மிகக் குறைவாகச் சோயா உண்டவர்களோடு ஒப்பிட, மிக அதிகமாக உண்டவர்களிடம் இறப்பு 29 சதவீதமும் நோய் திரும்புதல் 32 சதவீதமும் குறைந்திருந்தன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நேர்மறையாக இருந்தவர்களிடமும், டமாக்சிஃபென் எடுத்தவர்களிடமும் போக்கு இதுவே. நாளுக்கு 11 கிராம் சோயாப் புரதம் வரை பயன் கூடிக்கொண்டு போய், அதற்குமேல் கூடவில்லை. பதினொரு கிராம் என்பது மீல் மேக்கரில் ஏறத்தாழ 21 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி. அமெரிக்க, சீனப் பெண்கள் 9,514 பேரின் தரவுகளைச் சேர்த்து 2012இல் வெளிவந்த பகுப்பாய்வில், நாளுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஐசோஃப்ளேவோன் உண்டவர்களிடம் நோய் திரும்புதல் 25 சதவீதம் குறைவு. இறப்பும் குறைந்தது போலத் தெரிந்தாலும் அது புள்ளியியல் உறுதி பெறவில்லை.

இவையெல்லாம் கவனித்துப் பதிவு செய்த ஆய்வுகள். சோயாவைக் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்த சோதனைகள் அல்ல. சோயா விரும்பி உண்பவர்கள் காய்கறி அதிகம் உண்பவர்களாகவும் உடலுழைப்பு உள்ளவர்களாகவும் இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் கணக்கில் அதைச் சரிசெய்தாலும் முழுதாக நீக்க முடியாது. எனவே சோயா காப்பாற்றும் என்று இவற்றை வைத்து நான் யாருக்கும் சொல்வதில்லை. தீங்கு பெரிதாக இருந்திருந்தால் இத்தனை ஆயிரம் பெண்களிடம் அது தலைகாட்டாமல் இருந்திருக்காது என்று மட்டும் சொல்வதற்கு இவை போதும்.

இந்த ஆறுதலுக்கு எல்லை வகுக்கும் ஆய்வு ஒன்றும் உண்டு. நியூயார்க்கில் ஆரம்ப நிலை மார்பகப் புற்றுள்ள 140 பெண்களை இரு பிரிவாக்கி, அறுவைக்கு முந்தைய சில வாரங்கள் ஒரு பிரிவுக்குச் செறிவான சோயாப் பொடியைக் கொடுத்துப் பார்த்த சோதனை 2014இல் வெளிவந்தது. செல்பெருக்கத்தை அளக்கும் கேஐ-67 குறியீட்டில் மாற்றம் தெரியவில்லை; ஆனால் இரத்தத்தில் ஜெனிஸ்டீன் மிக உயர்ந்த சிலரின் கட்டிகளில், பெருக்கத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் கூடுதலாகச் செயல்பட்டன. இதை வைத்து உணவிலுள்ள சோயாவைத் தடுக்க முடியாது. ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர் 100 மில்லிகிராமைக் குப்பியிலிருந்து எடுக்கலாம் என்றும் சொல்ல முடியாது. கேப்சூலை நிறுத்தியது இந்த இடத்தில் நின்றுதான்.

மகளின் கேள்வி

ஆலோசனைக்குக் கூட வந்த 31 வயது மகள் கேட்டது வேறு: தன் பிள்ளைகளுக்குச் சோயா கொடுக்கலாமா, தனக்கு நோய் வரும் வாய்ப்பை அது கூட்டுமா? நோய் வராதவர்களைப் பற்றிய சான்று தனி. 2008இல் வந்த தொகுப்பாய்வில், நாளுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் ஐசோஃப்ளேவோன் உண்ட ஆசியப் பெண்களுக்கு, 5 மில்லிகிராமுக்குள் உண்டவர்களைவிட மார்பகப் புற்று வாய்ப்பு 29 சதவீதம் குறைந்திருந்தது. மிகக் குறைவாகவே சோயா உண்ணும் மேலை நாட்டுப் பெண்களிடம் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. மூன்று லட்சம் சீனப் பெண்களைத் தொடர்ந்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், சராசரியாக நாளுக்கு 9.4 மில்லிகிராம் என்ற மிதமான அளவில், கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. ஷாங்காய்த் தரவுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன: வளரிளம் பருவத்திலிருந்தே சோயா உண்டவர்களிடம்தான் மாதவிடாய் நிற்பதற்கு முன் வரும் மார்பகப் புற்று தெளிவாகக் குறைகிறது. மார்பகத் திசு உருவாகும் காலத்தில் கிடைப்பதும், ஐம்பது வயதில் தொடங்குவதும் ஒன்றல்ல போலும்.

இந்தக் கடைசிச் செய்திதான் நம் ஊருக்கு முக்கியம். உளுந்தும் துவரையும் வளர்த்த காவிரிப் படுகைச் சமையலில் சோயா பின்னாளில் நுழைந்த பண்டம். இன்று ஐம்பதைக் கடந்த பெண்களில் பெரும்பாலோர் பருவ வயதில் அதை உண்டவர்கள் அல்லர். ஷாங்காய்ப் பெண்களின் பலனை அவர்களுக்கு அப்படியே எழுதிவைப்பது தவறு. அவர்களின் நோய்க்கு வாரம் இருமுறை வந்த குருமாவைக் காரணமாக்குவது அதைவிடத் தவறு. மகளிடம், வீட்டில் சமைக்கும் அளவுக்குச் சோயா யாருக்கும் தடையில்லை என்றும், 30 வயது கடந்துவிட்டதால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும் என்றும் சொன்னோம். தாயின் நான்கு மாதத் தாமதத்தைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் பேசியிருக்கவில்லை. பேச்செல்லாம் சோயாவைச் சுற்றியே இருந்தது. இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கீடு மதிப்பிடுகிறது. அவர்களில் கணிசமானோர் முற்றிய நிலையில் வருகிறார்கள் என்பதைப் பார்த்தால், இந்தக் குடும்பத்தின் கவனம் விலகிப்போன இடம் எனக்கு உறுத்துகிறது.

தைராய்டு மாத்திரை உட்கொள்பவராக இருந்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை சேர்ந்திருக்கும். சோயா, குடலில் லெவோதைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுவது நல்லது. இவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அறிவுரையும் தொடர்ச்சியும்

முதல் வேலை உளுந்தைத் திருப்பிக் கொண்டுவருவது. நாத்தனாரிடம்தான் அதைப் பேசினோம். சமையலறை முடிவுகள் அவருடையவை. காலையில் இட்லியும் கெட்டிச் சாம்பாரும், மதியம் பருப்புக் கூட்டு, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் கூடுதல் தயிர், எலும்புக்காகக் கேழ்வரகும் பாலும் என்று கணக்கிட்டபோது, சோயா இல்லாமலே 53 கிராம் புரதம் கிடைத்தது. மீல் மேக்கர் 25 கிராம் சேர்த்தால் அதிலிருந்து மட்டும் 12, 13 கிராம் புரதம் வரும் என்பதையும், வாரம் இருமுறை அதை உண்பதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை என்பதையும் எழுதியே கொடுத்தோம். உடற்சூட்டுக்குப் புற்றுநோய் மருத்துவர் ஹார்மோன் அல்லாத வேறு மாத்திரை தந்தார்.

நான்கு மாதங்களுக்குப் பின் எடை 49 கிலோ, ஹீமோகுளோபின் 11.1. இரவுச் சூடு முழுதாகப் போகவில்லை; தூங்க முடிகிறது என்றார். மகள் வீட்டில் மீல் மேக்கர் சமைக்கிறார்கள். நோயாளி இன்றுவரை அதைத் தொடவில்லை. மனம் ஒப்பவில்லை என்கிறார். புரதம் வேறு வழியில் கிடைப்பதால் அதை நாங்கள் வற்புறுத்தவில்லை. எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஆண்டு இறுதியில் மீண்டும் எடுக்கப்படும்.

எங்கள் உணவு வரலாற்றுப் படிவத்தில் ‘வேறு மருந்துகள்’ என்று ஒரே வரி இருந்தது. சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பியவை, சத்துமாவு என்று இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிறோம். குப்பியையோ பொட்டலத்தையோ நேரில் பார்த்த பின்பே அந்தப் பகுதியை நிரப்புகிறோம்.